புது ஃபோனில் டவர் ஏன் குறைகிறது?

பழைய ஃபோனில் நாலு கோடு காட்டிய அதே இடத்தில் புது ஃபோன் இரண்டுதான் காட்டுகிறது. சிம் அதே சிம், நெட்வொர்க் அதே நெட்வொர்க். மாறியது ஃபோன் மட்டும்தானே, அப்படியானால் கோளாறும் ஃபோனில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் என் பார்வையில், புது ஃபோனின் சிக்னல் பற்றி எழும் புகார்களில் ஆன்டெனா பழுது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய காரணம். பழைய ஃபோன் பிடித்திருந்த அலைவரிசை ஒன்று, புது ஃபோன் பிடித்திருப்பது வேறொன்று என்பதுதான் முதலில் சந்தேகிக்க வேண்டியது. அதைக் கோடுகளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஏனென்றால் அந்தக் கோடுகளுக்கு உலகப் பொதுவான அளவு எதுவும் கிடையாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஃபோனைத் தயாரிக்கும் நிறுவனம் தீர்மானிக்கிறது. ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் நிறுவனமும் அந்த எல்லைகளைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, உள்ள சிக்னலைவிட ஒரு கோடு கூட்டிக் காட்டுவதற்கென்றே ஆண்ட்ராய்டின் மூல நிரலில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதைப் போடுவதும் போடாமல் விடுவதும் நெட்வொர்க் நிறுவனத்தின் இஷ்டம்.

இந்த விஷயம் ஊரறிய வெளியே வந்தது 2010இல். ஐஃபோன் 4 வெளியானதும், கீழ் இடது மூலையைக் கையால் மூடிப் பிடித்தால் கோடுகள் சரசரவென்று இறங்குகின்றன என்று புகார்கள் குவிந்தன. அந்த மாடலில் வெளிப்புற எஃகுச் சட்டமே ஆன்டெனா. அதன் இடைவெளியில் விரல் படுவது உண்மையான பிரச்சினைதான். ஆனால் ஜூலை 2ஆம் தேதி ஆப்பிள் வெளியிட்ட கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே முழுக்கத் தவறு, பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு அதிகமாகக் காட்டியிருக்கிறோம், முதல் ஐஃபோனிலிருந்தே இப்படித்தான் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிறகு வந்த அப்டேட்டில் சூத்திரத்தை மாற்றினார்கள். கூடவே முதல் மூன்று கோடுகளின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்றுதானாம்! குறைந்த சிக்னலும் கண்ணுக்குக் கொஞ்சம் செழிப்பாகத் தெரிந்திருக்கும், அது வேறு விஷயம்.

ஆகவே எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், ஃபோனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்ற இடத்தைத் திறந்தால் சிக்னல் அளவு டிபிஎம் (சிக்னல் சக்தியை அளக்கும் அலகு) கணக்கில் இருக்கும். சில மாடல்களில் அது ஒளிந்திருக்கும். அப்போது டயல் செய்யும் இடத்தில் *#*#4636#*#* என்று அடித்துப் பார்க்கலாம், எல்லா ஃபோனிலும் வேலை செய்யாது. ஐஃபோனில் *3001#12345#* என்று அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்தினால் சோதனைத் திரை வரும்.

அந்த எண் எப்போதும் மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க இருக்க நல்லது. 4ஜியில் -85ஐ ஒட்டி இருந்தால் கவலையே வேண்டாம். -100 வரை தாராளமாகப் பேசலாம். -110ஐத் தாண்டினால் வீட்டுக்குள் இரண்டு அடி நகர்ந்தாலே குரல் உடையும். -120 என்றால் இணைப்பு நூலிழையில் தொங்குகிறது என்று பொருள். இந்த எண்ணில் ஒவ்வொரு படியும் ஒரு டெசிபெல், 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். -80க்கும் -110க்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அப்படியும் ஃபோன் சமாளிக்கிறது. -110 டிபிஎம் என்பது ஒரு வாட்டை நூறு லட்சம் கோடியால் வகுத்தால் வருகிற அளவு. இதைப் பிடித்து அதிலிருந்து குரலையும் வீடியோவையும் பிரித்தெடுப்பதே பெரிய காரியம் என்று தோன்றுகிறது, திட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்தால்.

இங்கே ஒரு பொறி உண்டு. பழைய 2ஜி ஃபோனில் -85, புது 4ஜி ஃபோனில் -105 என்று பார்த்துவிட்டு இருபது குறைந்துவிட்டது என்று பதறக்கூடாது. 2ஜியில் அளப்பது அந்தச் சேனலின் மொத்த சக்தி. 4ஜியில் காட்டப்படும் ஆர்எஸ்ஆர்பி என்ற அளவு, சேனலை நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாகப் பிரித்து அதில் ஓர் இழையின் சக்தியை மட்டும் சொல்கிறது. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி சேனலில் அப்படி 1,200 இழைகள். மொத்தத்தையும் சேர்த்து அளந்தால் இந்த எண் கிட்டத்தட்ட 30 டெசிபெல் மேலே போய் நிற்கும். ஒரே தலைமுறை நெட்வொர்க்கில், ஒரே அலைவரிசையில் இருக்கும் இரண்டு ஃபோன்களின் எண்களைத்தான் பக்கத்தில் வைத்துப் பேசலாம்.

அலைவரிசை என்ன செய்கிறது?

ஒரு நெட்வொர்க் நிறுவனம் ஒரே ஒரு அலைவரிசையில் இயங்குவதில்லை. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பேண்டுகள் (அலைவரிசைத் தொகுதிகள்) தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அவற்றில் இடம் குறைவு. 1800, 2100, 2300 எல்லாம் நடுத்தரம். 5ஜிக்குப் பல நாடுகளில் பயன்படும் என்78 என்ற பேண்ட் 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை. வேகம் அள்ளிக் கொடுக்கும், ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர் வந்தால் சுருண்டுவிடும். வெட்டவெளியில்கூட அதிர்வெண் நான்கு மடங்கானால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது, வந்து சேரும் சக்தி பதினாறில் ஒரு பங்காகிறது. அதாவது 12 டெசிபெல் இழப்பு. 5ஜி டவரில் இருக்கும் ஆன்டெனா வரிசைகள் சக்தியை ஒரே திசையில் குவித்து இதைக் கொஞ்சம் ஈடுகட்டும். சுவர் விழுங்குவதை முழுசாக ஈடுகட்ட அவற்றாலும் முடியாது.

இப்போது அந்த முதல் புகாருக்கு வருவோம். பழைய ஃபோனில் 5ஜி கிடையாது. அது வீட்டுக்குள் 850இலோ 900இலோ நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. புது ஃபோன் 5ஜி கண்ணில் பட்டதும் அதற்குத் தாவுகிறது, அங்கே சிக்னல் மெலிந்ததும் 4ஜிக்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு தாவலிலும் ஒரு தடங்கல், பேட்டரிக்கும் ஒரு கடி. வீட்டுக்குள் ஃபோன் லேசாகச் சூடாவதும், மாலைக்குள் சார்ஜ் கரைவதும் பெரும்பாலும் இதன் உடன்பிறப்புகள். விருப்பமான நெட்வொர்க் வகை என்ற அமைப்பில் 4ஜியை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை மறைந்தால் ஃபோன் நன்றாக இருக்கிறது, உங்கள் வீடு 5ஜி எல்லையின் ஓரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 5ஜியை வீட்டில் அணைத்து வைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. காசு கொடுத்து வாங்கியதை ஏன் அணைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சு துண்டிக்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

வேறு நாட்டுக்காகத் தயாரான மாடலை வாங்கியிருந்தால் கதை இன்னும் மோசம். ஒரே பெயரில் விற்கும் ஃபோன் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு மாடல் எண்ணில் வரும், உள்ளே இருக்கும் பேண்டுகளும் மாறும். அமெரிக்காவில் 12, 13, 71 என்ற வரிசை எண்ணுள்ள பேண்டுகள் முக்கியம், ஐரோப்பாவில் 20, ஆசிய பசிபிக் நாடுகள் பலவற்றில் 28. உங்கள் நெட்வொர்க் வீட்டுக்குள் எட்டுவதற்கு நம்பியிருக்கும் தாழ்ந்த பேண்ட் உங்கள் ஃபோனில் இல்லையென்றால் வெளியில் ஃபுல் டவர் காட்டும், உள்ளே வந்தால் செத்துவிடும். எந்த அப்டேட்டும் இதைச் சரிசெய்யாது. பெட்டியின் மேல் உள்ள முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, பேண்ட் பட்டியலை நெட்வொர்க் பயன்படுத்தும் பேண்டுகளோடு ஒப்பிட வேண்டியதுதான். வாங்குவதற்கு முன் பார்ப்பது இன்னும் நல்லது.

கேட்கிறது, ஆனால் சொல்ல முடியவில்லை

சிக்னல் என்றால் டவரிலிருந்து நமக்கு வருவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். கோடுகளும் அதைத்தான் காட்டுகின்றன. நாம் பேசுவது டவருக்குப் போய்ச் சேர வேண்டாமா? டவர் பல பத்து வாட் சக்தியில் அனுப்புகிறது. 4ஜி ஃபோன் வழக்கமாக அனுப்பக்கூடிய உச்சம் 23 டிபிஎம், அதாவது 0.2 வாட். இந்த ஏற்றத்தாழ்வைச் சமாளிக்கத்தான் டவரில் பெரிய ஆன்டெனாக்களும் நுட்பமான ரிசீவர்களும் இருக்கின்றன. ஆனாலும் ஓரத்தில் நிற்கும்போது முதலில் அறுவது நம் பக்கத்துக் கயிறுதான். எதிர்முனை பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும், “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்று அவர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். மூன்று கோடு இருக்கும்போதே மெசேஜ் போகாமல் சுற்றிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

பழைய பட்டன் ஃபோன்களில் எங்கே நின்றாலும் டவர் கிடைத்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய 2ஜி ஃபோன் உச்சமாக 2 வாட் வரை அனுப்பியது, இன்றைய 4ஜி ஃபோனைவிட பத்து மடங்கு. விட்டு விட்டு அனுப்பியது என்றாலும் அந்த நொடித்துளியில் சத்தம் பெரிது. என்78இல் இன்னொரு சிக்கல். அங்கே ஏற்றமும் (ஃபோனிலிருந்து டவருக்கு) இறக்கமும் (டவரிலிருந்து ஃபோனுக்கு) ஒரே அலைவரிசையை நேரம் பங்கிட்டுப் பயன்படுத்துகின்றன, நேரத்தில் பெரும்பங்கு இறக்கத்துக்குப் போய்விடுகிறது. ஃபோனுக்கு வாய் திறக்கக் கிடைக்கும் நேரமே குறைவு.

இதனால்தான் ஃபோனைப் பிடிக்கும் விதமும் முக்கியமாகிறது. ஒரு ஸ்மார்ட்ஃபோனில் நாலைந்து ஆன்டெனாக்களாவது சட்டத்தைச் சுற்றி மேலும் கீழும் பக்கங்களிலும் இருக்கும். பேசும்போது தலைக்கு அருகே கதிர்வீச்சைக் குறைக்க, முக்கியமான அனுப்பும் ஆன்டெனாவைப் பல மாடல்களில் கீழ்ப்பகுதியில் வைப்பார்கள், சரியாக உள்ளங்கை மூடும் இடத்தில். உலோகச் சட்டத்தில் மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் தெரியும், பாருங்கள். அவை ஆன்டெனாக்களைப் பிரிக்கும் இடங்கள். சோதனைத் திரையைத் திறந்து வைத்து, ஃபோனை மேஜையில் வைத்தபடி ஒரு தடவை, கீழ்ப்பகுதியை இறுகப் பொத்திப் பிடித்து ஒரு தடவை எண்ணைப் பாருங்கள். சில டெசிபெல் இறங்குவது சாதாரணம், நம் கையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தானே. பதினைந்து, இருபது என்று சரிந்தால் அந்த மாடலின் வடிவமைப்பு உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை. உலோகத் தகடு பதித்த கவரைப் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு இதைச் செய்யுங்கள். சாதாரண சிலிக்கான் கவரும் கண்ணாடி ஸ்டிக்கரும் குற்றவாளிகள் அல்ல.

வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட், தகரக் கூரை, லிஃப்ட் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. யாரும் சந்தேகப்படாதது ஜன்னல். வெப்பத்தைத் தடுக்கும் நவீனக் கண்ணாடிகளில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் படலம் இருக்கும். அது வெயிலோடு சேர்த்து சிக்னலையும் திருப்பி அனுப்பும். அப்படிப்பட்ட அறையில் ஜன்னலைச் சாத்தியபடி ஒரு எண், திறந்தபடி ஒரு எண் பார்த்தால் புரிந்துவிடும்.

சிக்னல் நன்றாக இருந்தும் இணையம் ஊர்கிறதா? அது வேறு வியாதி. எண் -85 என்று இருக்கும், ஆனால் அதே டவரில் நூற்றுக்கணக்கானவர்கள் தொங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது பக்கத்து டவரின் சிக்னல் குறுக்கே விழும். சோதனைத் திரையில் எஸ்ஐஎன்ஆர் என்றோ எஸ்என்ஆர் என்றோ ஒரு மதிப்பு இருந்தால் அதைக் கவனியுங்கள், இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு பெரிது என்பதை அது சொல்லும். 20க்கு மேல் என்றால் அருமை. பூஜ்யத்துக்குக் கீழே என்றால் இரைச்சலுக்குள் சிக்னல் மூழ்கிவிட்டது. விடியற்காலையில் வேகம் வந்து, இரவு ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டால் அது நெரிசல்தான். ஃபோனை மாற்றினாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

சிம்மும் செட்டிங்ஸும்

சிம் கார்டை யாரும் மதிப்பதில்லை. ஃபோனை மூன்று தடவை மாற்றியிருப்போம், சிம் மட்டும் பல வருடமாக அதேதான் இருக்கும். பெரிய சிம்மைக் கத்தரித்து நானோ அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சிம்களின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், நானோ சிம்முக்கு 0.67. நீள அகலத்தை வெட்டிச் சரிசெய்தாலும் தடிமன் அப்படியே இருக்கும். தட்டில் இறுகலாக உட்காரும், உள்ளே இருக்கும் மெல்லிய பின்களை அழுத்தும், சில சமயம் இருந்தாற்போல் சிம் இல்லை என்று காட்டும். தங்க நிறப் பகுதியில் நகக்கீறல் போலக் கோடுகள் விழுந்திருந்தாலும், விளிம்பு பிசிறாக இருந்தாலும், புது சிம் வாங்கிவிடுங்கள். மிகப் பழைய 2ஜி காலத்துச் சிம்மாக இருந்தால் அது 4ஜிக்கே ஒத்துழைக்காது.

அப்புறம் வோ-எல்டிஇ, அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பு. 4ஜியில் குரல் தானாகப் போகாது. அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டும். அது இல்லையென்றால் அழைப்பு வரும்போது ஃபோன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டுத் திரும்பும். பழைய நெட்வொர்க்குகளை மூடிவிட்ட இடத்தில் இறங்க இடமே இல்லை. அதனால் இணையம் பறக்கும், அழைப்பு மட்டும் விழாது. செட்டிங்ஸில் அந்த ஸ்விட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விட்சையே காணோம் என்றால் உங்கள் நெட்வொர்க் அந்த மாடலை இன்னும் அங்கீகரிக்கவில்லை, அல்லது அதற்கான அமைப்புக் கோப்பு இன்னும் வந்து சேரவில்லை. வீட்டில் வைஃபை நன்றாக இருந்து நெட்வொர்க்கும் அனுமதித்தால், வைஃபை வழி அழைப்பை இயக்கிவிடுவது மற்ற எல்லா வைத்தியத்தையும்விடச் சுலபம்.

இரண்டு சிம் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பல ஃபோன்களில் இரண்டு சிம்மும் ஒரே ரேடியோவைப் பங்குபோடுகின்றன. ஒன்றில் பேசும்போது மற்றது எட்டாக்கனியாகிவிடுவது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி.

ஏர்பிளேன் மோடைப் பத்து வினாடி போட்டு எடுப்பதை மூடநம்பிக்கை என்று நினைக்க வேண்டாம். ஃபோன் ஒரு டவரைப் பிடித்தால் லேசில் விடாது. இன்னொன்று குறிப்பிட்ட அளவுக்கு மேலாகத் தெரிந்தால்தான் மாறும். போட்டு எடுக்கும்போது எல்லாவற்றையும் புதிதாகத் தேடுகிறது. பழைய ஃபோனிலிருந்து தகவல்களை மாற்றும்போது பழைய நெட்வொர்க் அமைப்புகளும் சேர்ந்து வந்திருக்கலாம். நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி அணைந்திருக்கலாம். நெட்வொர்க் அமைப்புகளை ரீசெட் செய்தால் இவை துடைக்கப்படும். படங்களும் தொடர்புகளும் அப்படியே இருக்கும், வைஃபை பாஸ்வேர்டுகளும் புளூடூத் இணைப்புகளும் போய்விடும். அந்தத் திரையில் இசிம்மையும் (ஃபோனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) அழிக்கவா என்று கேட்டால் மட்டும் டிக் போட்டுவிடாதீர்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். டவரோடு பேசும் மோடம் என்ற பாகத்துக்குத் தனியாக ஒரு மென்பொருள் உண்டு, புது மாடல்களில் அது முதிர்ச்சியடையச் சில மாதம் பிடிக்கும். எதிர்மாறாகவும் நடக்கும். 2021 டிசம்பரில் பிக்சல் 6க்குத் தயாரான அப்டேட்டை, அழைப்புகள் துண்டிக்கப்படுகின்றன என்ற புகார்களால் கூகுள் பாதியில் நிறுத்தியது. திருத்தம் அடுத்த மாதம் வந்தது. அப்டேட் செய்த மறுநாள் டவர் போனால், அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அப்படியா என்று விசாரித்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.

ஆன்டெனா ஸ்டிக்கர், சிக்னலைப் பெருக்கும் ஆப் இவற்றுக்குச் செலவழிக்காதீர்கள், எதுவும் செய்யாது. சிக்னல் பூஸ்டர் பெட்டிகள் உண்மையில் வேலை செய்யும், அதுதான் தொல்லை. தரமற்ற பெட்டி டவருக்கே இரைச்சலை அனுப்பி அக்கம்பக்கத்தார் எல்லோருடைய அழைப்பையும் கெடுக்கும். நெட்வொர்க் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அதை வைப்பது பல நாடுகளில் சட்டவிரோதம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஃபோன்மீது சந்தேகம் இருந்தால், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பழைய ஃபோனையும் புது ஃபோனையும் ஜன்னல் ஓரம் ஒரே இடத்தில், கவர் இல்லாமல், 4ஜியில் மட்டும் இயங்க விடுங்கள். அதே சிம்மை மாற்றி மாற்றிப் போடுங்கள். போட்டதும் பார்க்காமல் இரண்டு நிமிடம் கழித்து எண்ணையும் பேண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பேண்ட் வேறாக இருந்தால் அந்த அளவு கணக்கில் வராது. நின்ற இடத்திலேயே எண் நாலைந்து அங்குமிங்கும் ஆடும், அதையும் பொருட்படுத்த வேண்டாம். ஒரே பேண்டில், மீண்டும் மீண்டும், புது ஃபோன் பத்து டெசிபெல்லுக்கு மேல் பின்தங்கினால் உங்கள் புகாருக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. முடிந்தால் அதே மாடலில் இன்னொரு ஃபோனை யாரிடமாவது இரவல் வாங்கி அதிலும் பாருங்கள். அதுவும் அதே அளவு பின்தங்கினால் மாடலே அப்படி, மாற்றி வாங்கிப் பயனில்லை, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது நன்றாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது பழுதான ஃபோன். குறித்து வைத்த எண்களைக் காட்டி வேறு ஃபோன் கேளுங்கள். “டவர் வரலை” என்று மட்டும் சொன்னால், ரீசெட் செய்து பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.